எல்லையில் நடக்கும் வேலை

ஒரு கணினி நிரல் தன் பணியைப் பிழையின்றிச் செய்யும் என்பதைக் கணித முறையில் நிறுவ முற்படுவோருக்கு ஒரே தருக்க அமைப்பு போதுமானதாக அமைவது மிக அரிது. நிரலின் ஒரு வரி எண்களைக் கூட்டுகிறது. அடுத்த வரி ஓர் அணியின் குறிப்பிட்ட இடத்தில் மதிப்பொன்றை எழுதுகிறது. அதற்கடுத்த வரி, உள்ளே என்ன நிகழ்கிறது என்பது வெளியே தெரியாத வேறொரு செயற்கூற்றை அழைக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட்பாடு உண்டு. கூட்டலை மட்டும் கொண்ட முழு எண்களின் கோட்பாட்டில் எந்தக் கூற்று மெய், எது பொய் என்பதை இயந்திர முறையில் தீர்மானிக்க முடியும் என்று பிரெஸ்பர்கர் 1929இல் காட்டினார். அணிகளுக்கும் சார்புகளுக்கும் அத்தகைய வழிகள் பின்னர் வந்தன. எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் ஆம் அல்லது இல்லை என்று முடிவு சொல்லி நிற்கும் இத்தகைய வழிமுறை தீர்வுநெறி எனப்படும். நிரலின் மூன்று வரிகளையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்கும்போது எழும் கூற்று எந்தவொரு தனிக் கோட்பாட்டின் மொழியிலும் அடங்குவதில்லை என்பதால், தனித்தனியே இருக்கும் தீர்வுநெறிகளை ஒன்றாக வேலை செய்யவைக்கும் கலை தேவைப்படுகிறது.

நிரல் சரிபார்ப்புக் கருவிகளை உருவாக்குவதிலும் அவற்றைக் கையாள்வதிலும் பல பத்தாண்டுகளைச் செலவிட்ட இக்கட்டுரையாளருக்கும், அவருடன் பணியாற்றிய தலைமுறைக்கும், இந்தக் கலையின் கடினம் எங்கே இருக்கிறது என்பது மெல்ல மெல்லவே புலப்பட்டது. எண்கணிதத்தின் தீர்வுநெறியை எழுதுவது உழைப்பைக் கோரும். ஆயினும் அதன் இயல்பு நன்கு அறியப்பட்டது. ஒரு கோட்பாடு இன்னொன்றைச் சந்திக்கும் எல்லையில் எதைப் பேசலாம், எதைப் பேசத் தேவையில்லை, இரு தரப்பும் வாய்விட்டுச் சொல்லாமலே எதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன என்பவையே விடை சரியாவதையும் தவறாவதையும் தீர்மானிக்கின்றன.

இந்த எல்லைக்கு முதன்முதலில் தெளிவான வடிவம் கொடுத்தவர்கள் கிரெக் நெல்சனும் டெரெக் ஒப்பனும் ஆவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாஸ்கல் மொழி நிரல்களைச் சரிபார்க்கும் கருவி உருவாகிக்கொண்டிருந்த சூழலில் அவர்கள் 1979இல் வெளியிட்ட கட்டுரை, தீர்வுநெறிகளை உடைத்து ஒன்றாக்க வேண்டியதில்லை என்றும், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே இயங்கவிட்டு, இரண்டிற்கும் பொதுவான பெயர்களுள் எவை எவற்றுக்குச் சமம் என்ற செய்தியை மட்டும் பரிமாறிக்கொள்ளச் செய்தால் போதும் என்றும் கூறியது.

இதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். கணக்கு எண்ணைக் கொடுத்தால் இருப்புத் தொகையைத் தரும் சார்பு ஒன்று நிரலில் உள்ளது எனக் கொள்வோம். அது எவ்வாறு கணக்கிடுகிறது என்பது சரிபார்ப்பவருக்குத் தெரியாது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும் என்பது மட்டுமே தெரியும். இப்போது அ ≤ ஆ, ஆ ≤ அ, இருப்பு(அ) = இருப்பு(ஆ) + 1 ஆகிய மூன்றும் ஒருங்கே மெய்யாக இருக்கக்கூடுமா என்பது கேள்வி. முதற்படியாக, கலந்து கிடக்கும் கூற்றுகள் பிரிக்கப்படுகின்றன: இருப்பு(அ) என்பதற்குக் க என்றும், இருப்பு(ஆ) என்பதற்குச் ச என்றும் புதுப்பெயர்கள் இடப்படுகின்றன. எண்கணிதத்தின் பங்கிற்கு அ ≤ ஆ, ஆ ≤ அ, க = ச + 1 என்பவை வருகின்றன; சார்புகளின் பங்கிற்குக் க = இருப்பு(அ), ச = இருப்பு(ஆ) என்பவை வருகின்றன. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் எதிலும் முரண் இல்லை. எண்கணிதம் முதல் இரண்டு கூற்றுகளிலிருந்து அ = ஆ என்று கண்டறிந்து அதை மறுபக்கம் அனுப்புகிறது. சார்புகளின் நெறி அதைப் பெற்று, உள்ளீடுகள் சமமெனில் விடைகளும் சமம் என்பதால் க = ச என்று திருப்பி அனுப்புகிறது. எண்கணிதத்திடம் ஏற்கனவே க = ச + 1 இருப்பதால் முரண்பாடு வெளிப்பட்டு, மூன்றும் சேர்ந்து மெய்யாக முடியாது என்ற முடிவு கிடைக்கிறது. சார்பு என்றால் என்ன என்பதை எண்கணித நெறியும், கூட்டல் என்றால் என்ன என்பதைச் சார்பு நெறியும் கடைசிவரை அறியவே இல்லை.

இத்தனை குறுகிய பேச்சு எப்படிப் போதுமானதாகிறது என்ற ஐயம் இந்த முறையை முதன்முறை கற்கும் எவருக்கும் எழும். அதற்கான விடை வில்லியம் கிரெய்க் 1957இல் நிறுவிய இடைக்கூற்றுத் தேற்றத்தில் உள்ளது. இரண்டு கூற்றுத் தொகுதிகள் ஒன்றோடொன்று முரண்படுமானால், அம்முரணை வெளிக்கொணரும் கூற்று ஒன்றை இரண்டிற்கும் பொதுவான குறியீடுகளை மட்டும் கொண்டே எழுத முடியும் என்பது அத்தேற்றத்தின் சாரம். இரு கோட்பாடுகளும் சமக்குறியைத் தவிர வேறெந்தக் குறியீட்டையும் பகிர்ந்துகொள்ளாதபோது, அந்த இடைக்கூற்றும் சமன்பாடுகளாலேயே ஆனதாக இருந்தாக வேண்டும். பொதுக் குறியீடு ஏதுமில்லை என்னும் இந்த நிபந்தனை சடங்காக எழுதப்படும் வரி போலத் தோன்றினாலும் முறை முழுவதையும் தாங்குவது அதுவே. ஆனால் அந்த நிபந்தனையும் தனியே போதாது: கூட்டலைக் கொண்ட முழு எண்களின் கோட்பாட்டோடு, எண்களைப் பற்றிப் பேசும் பொருள் வரையறுக்கப்படாத ஒரே ஒரு பண்பைச் சேர்த்து, எல்லா எண்களுக்கும், சில எண்களுக்கு என்ற அளவுச்சொற்களையும் அனுமதித்தால், அந்தக் கலவைக்குத் தீர்வுநெறியே இருக்க முடியாது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை. நெல்சனும் ஒப்பனும் அளவுச்சொற்கள் இல்லாத கூற்றுகளோடு நின்றுகொண்டதன் காரணம் அதுவாகும்.

முறை எளியதாகத் தோன்றியதால் அதை நிரலாக்கியவர்கள் விரைவிலேயே இரண்டாவது எல்லைச் சிக்கலைச் சந்தித்தனர். அ என்பது முழு எண் என்றும், 1 ≤ அ ≤ 2 என்றும், ஆ = 1, இ = 2 என்றும் இருக்கட்டும். மறுபக்கத்தில் ஒரு சார்பு அ-வுக்குத் தரும் விடை, ஆ-வுக்கும் இ-க்கும் தரும் விடைகளிலிருந்து வேறுபட்டது என்று சொல்லப்பட்டிருக்கட்டும். எண்கணிதம் அ = ஆ என்று உறுதியாகச் சொல்ல முடியாது; அ = இ என்றும் சொல்ல முடியாது; இரண்டில் ஒன்று என்று மட்டுமே சொல்ல முடியும். தனிச் சமன்பாடுகளை மட்டும் பரிமாறும் கருவி இங்கே இருபுறமும் அமைதியாக இருப்பதைக் கண்டு முரண் இல்லை என்று தவறான விடை தந்துவிடும். பல சமன்பாடுகளுள் ஏதேனும் ஒன்று என்ற வடிவில் ஒரு கோட்பாடு முடிவு தரும்போதெல்லாம் அவற்றுள் ஒன்றேனும் தனித்தே பெறப்படும் என்றால் அக்கோட்பாடு குவிவுத்தன்மை உடையது எனப்படும். பின்ன எண்களின் நேரியல் கோட்பாடு அத்தகையது. முழு எண்களின் கோட்பாடு அத்தகையதன்று. குவிவுத்தன்மை கொண்ட இரு கோட்பாடுகளின் தீர்வுநெறிகள் விரைவானவையாக இருந்தால் இணைப்பும் விரைவாகவே இருக்கும் என்று ஒப்பன் 1980இல் நிறுவினார். அத்தன்மை இல்லாதபோது ஒவ்வொரு வாய்ப்பையும் தனித்தனியே பிரித்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பொதுப்பெயர்களின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றைச் சமம், சமமன்று என்று வகுக்கும் வழிகள் பெருகுவதை நேரில் கண்டவர்கள், கேள்வியை எழுதும்போதே எல்லையைக் கடக்கும் பெயர்களைக் குறைத்துக்கொள்ளப் பழகினர். நேற்றுவரை நொடியில் முடிந்த சரிபார்ப்பு இன்று மணிக்கணக்கில் நீளுமானால், இக்கட்டுரையாளர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பொதுப்பெயர்களின் பட்டியலைத்தான்.

இதே காலத்தில் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் ஷோஸ்டாக் வேறொரு பாதையைத் தேர்ந்தார். சமன்பாடு ஒன்றை ஏதேனும் ஒரு மாறிக்கு விடையாகத் திருப்பி எழுதவும், ஒவ்வொரு கோவைக்கும் நிலையான ஒரே வடிவத்தைத் தரவும் முடிகிற கோட்பாடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தொலைவிலிருந்து பேசவைக்காமல் ஒரே சுழற்சிக்குள் நெருக்கமாகப் பின்னி ஓடவைக்கும் வழிமுறையை அவர் 1984இல் வெளியிட்டார். பைசாந்தியத் தளபதிகள் சிக்கலை லாம்போர்ட், பீஸ் ஆகியோருடன் சேர்ந்து எழுதியவரும், பின்னாளில் பாரடாக்ஸ் தரவுத்தளத்தைத் தந்த நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே என்பதை இளைய தலைமுறையினர் பெரும்பாலும் அறிவதில்லை. அவருடைய வழிமுறை நடைமுறையில் வேகமாக ஓடியதால், பிவிஎஸ் உள்ளிட்ட பல சரிபார்ப்பு அமைப்புகள் அதன் மாறுபட்ட வடிவங்களை உள்ளடக்கிக்கொண்டன. ஆயினும் அது ஏன் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு முழுமையான நிரூபணத்தை எவராலும் தர முடியவில்லை. ஏறத்தாழ இரு பத்தாண்டுகள் கழித்து, 2001இல், அதே எஸ்ஆர்ஐயைச் சேர்ந்த ஹரால்ட் ரூயஸும் நடராஜன் ஷங்கரும் அந்த மூல வழிமுறையும் அதுவரை அச்சில் வந்த அதன் எல்லா வடிவங்களும் குறைபாடுடையவை என்றும், முரண்பாடுகள் சிலவற்றைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடக்கூடியவை என்றும் காட்டி, திருத்திய வடிவத்தையும் அதன் நிரூபணத்தையும் வெளியிட்டனர்.

சென்னை ஐஐடியில் பொறியியல் பயின்றவரான ஷங்கர் அத்துடன் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே ஜொனாதன் ஃபோர்டுடன் சேர்ந்து, கோட்பாடுகளை இணைக்கும் தீர்வுநெறி ஒன்றின் நிரூபணத்தைப் பிவிஎஸ் கருவிக்குள்ளேயே எழுதி இயந்திரத்தைக் கொண்டு சரிபார்த்தார். நிரூபணங்களைச் சோதிக்கும் கருவி, தான் சார்ந்திருக்கும் கணக்கீட்டு முறையையே சோதனைக்கு உட்படுத்திய அந்த முயற்சி தொழிலின் மனப்போக்கை மாற்றியது. ஆயிரக்கணக்கான உள்ளீடுகளில் சரியாக ஓடியது என்பதை இணைப்பு முறை ஒன்றுக்குச் சான்றாக ஏற்றுக்கொண்ட பழக்கம் அதன்பின் தளர்ந்தது. தனிக் கோட்பாடு ஒன்றில் உள்ள பிழை பெரும்பாலும் எளிய சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும். இரு கோட்பாடுகளின் செய்திகள் குறிப்பிட்ட வரிசையில் வந்து சேர்ந்தால் மட்டுமே தலைகாட்டும் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும் என்பதை ஷோஸ்டாக் வழிமுறையின் வரலாறு அழுத்தமாகக் காட்டிவிட்டது.

மூன்றாவது எல்லைச் சிக்கல் எண்ணிக்கை தொடர்பானது. தொழிலில் மிக நீண்ட காலம் கவனிக்கப்படாமல் கிடந்ததும் அதுவே. நெல்சன்–ஒப்பன் முறை, இரு கோட்பாடுகளின் உலகங்களிலும் பொருள்கள் முடிவற்று இருக்கலாம் என்பதை உள்ளூர நம்பியிருக்கிறது. ஒரு கூற்று மெய்யாகக்கூடுமெனில் முடிவற்ற உலகம் ஒன்றிலும் அது மெய்யாகக்கூடும் என்ற இப்பண்பிற்கு நிலைத்த முடிவிலித்தன்மை என்று பெயர். ஒப்பனின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையில் இது வெளிப்படையான நிபந்தனையாக இடம்பெற்றது. சேசரே டினெல்லியும் மெஹ்தி ஹரந்தியும் 1996இல் தந்த புதிய நிரூபணத்தில் அதன் பங்கு துலக்கமாகத் தெரிந்தது. முழு எண்களையும் பின்னங்களையும் கையாண்டவரை எவருக்கும் இதனால் இடையூறு இல்லை. கணினியின் உண்மையான எண்களுக்கு வந்தபோது நிலைமை மாறியது. ஒரே ஒரு பிட் கொண்ட உலகில் 0, 1 என இரண்டு பொருள்களே உள்ளன. ச என்ற ஒரு சார்பைக் கொண்டு, ச(அ), அ-விலிருந்து வேறானது, ச(ச(அ)), அவ்விரண்டிலிருந்தும் வேறானது என்று சார்புகளின் பக்கம் சொல்லப்பட்டால் அதற்கு மூன்று பொருள்கள் தேவைப்படுகின்றன. பகிரப்படும் பெயரோ அ ஒன்றுதான். பரிமாறச் சமன்பாடு ஏதுமில்லை. ஒவ்வொரு தரப்பும் தன்னளவில் சரி என்று சொல்ல, சேர்த்துப் பார்த்தால் நடக்கவே முடியாத ஒன்றைக் கருவி நடக்கலாம் என்று அறிவித்துவிடுகிறது.

கணினியின் எண்கள் முடிவுள்ளவை என்பதை மறப்பது வெறும் தருக்கவியலாளரின் கவலை என்று எண்ணியவர்களுக்கு 2006இல் ஜோஷுவா பிளாக் சுட்டிக்காட்டிய பிழை நல்ல விடையாக அமைந்தது. வரிசைப்படுத்திய பட்டியலில் இருமத் தேடல் செய்யும் ஜாவா நூலக நிரல், கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவிடத்தைக் கண்டது. கணிதத்தின் முழு எண்களில் இது பிழையற்றது. அந்த வடிவிலேயே பலர் அதை நிரூபித்தும் இருந்தனர். ஆனால் 32 பிட் எண்ணில் அடங்கும் மிகப்பெரிய மதிப்பு 214,74,83,647 ஆகும். பட்டியலின் நீளம் நூறு கோடியைத் தாண்டிச் செல்லும்போது அந்தக் கூட்டுத்தொகை இவ்வெல்லையை மீறிக் குறை எண்ணாக மாறிவிடும். எந்தக் கோட்பாட்டில் நிரூபிக்கிறோம் என்ற தேர்வு நிரூபணத்தைவிட முன்னதாக வருகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க இக்கட்டுரையாளர் இன்றும் பயன்படுத்துவது இந்த நிகழ்வையே. பிட் தொடர்களின் கோட்பாட்டை மற்றவற்றோடு பிழையின்றி இணைக்கும் தேவை அதற்கு முன்பே உணரப்பட்டிருந்தது. தன் கூற்று மெய்யாக எத்தனை பொருள்கள் தேவை என்பதைத் தானே கணக்கிட்டுச் சொல்லவும், அதற்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் இடங்கொடுக்கவும் வல்ல கோட்பாடுகளை இனங்கண்டு, அவை முடிவிலித்தன்மை இல்லாத கோட்பாடுகளோடும் இணையலாம் என்று ரனீஸ், ரிங்கைசன், ஸார்பா ஆகியோர் 2005இல் முன்மொழிந்தனர். அவர்கள் வகுத்த நிபந்தனை போதாது என்பதை 2010இல் டெயன் யோவனோவிச்சும் கிளார்க் பாரெட்டும் எடுத்துக்காட்டுடன் நிறுவி அதை வலுப்படுத்தினர். இதற்கிடையில் 2006இல், ஒரு குறியீட்டைக்கூடப் பகிராத, தனித்தனியே தீர்வுநெறி உடைய இரு கோட்பாடுகள் இணைந்ததும் எந்தத் தீர்வுநெறியாலும் கையாள முடியாதவையாக மாறக்கூடும் என்ற முடிவும் வெளிவந்தது. நல்ல குடும்பங்கள் இரண்டு சம்பந்தம் செய்துகொள்வதாலேயே மணவாழ்வு நல்லபடி அமைந்துவிடும் என்று எவரும் உறுதி கூற முடியாததைப் போன்றது இது.

நிரல் சரிபார்ப்போர் இவ்வாறு தம் வழியில் சென்றுகொண்டிருந்தபோது, மெய்யியல் சார்ந்த தருக்கவியலாளர்கள் இதே சிக்கலை வேறு திசையிலிருந்து அணுகிக்கொண்டிருந்தனர். இரு தரப்பினரும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்த முதல் பெரிய வாய்ப்பு, ஃபிரான்ஸ் பாடரும் கிளாஸ் ஷுல்ஸும் முன்னின்று 1996இல் மியூனிக் நகரில் நடத்திய, அமைப்புகளை இணைப்பதன் எல்லைகள் குறித்த பயிலரங்கு ஆகும். ஃப்ரோகாஸ் என்ற பெயரில் அது பின்னர் தொடர் மாநாடாக வளர்ந்தது. அங்கே பேசப்பட்ட மோடல் தருக்கம் என்பது, ஒரு கூற்று மெய்யா என்பதோடு நில்லாமல், அது எப்போதும் மெய்யா, ஒருவருக்கு அது தெரியுமா, அது நிகழ வேண்டிய கட்டாயம் உண்டா என்பவற்றையும் பேசும் தருக்கம். காலத்தைப் பேசும் தருக்கத்தையும் அறிவைப் பேசும் தருக்கத்தையும் சேர்க்காமல், ஒரு வலையமைப்பில் எந்தக் கணினிக்கு எப்போது எது தெரியும் என்று சொல்ல முடியாது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் ஆர். ராமானுஜமும் அவருடன் பணியாற்றியோரும் நெடுங்காலம் ஆராய்ந்தது இத்தகைய கலவைகளையே.

இரண்டு மோடல் தருக்கங்களைச் சேர்க்கும் மிக எளிய வழி, அவற்றை அருகருகே வைத்து, ஒன்றின் விதி மற்றொன்றின் குறியீட்டைத் தொடாதபடி பார்த்துக்கொள்வது. இணைவு எனப்படும் இவ்வழியில் முழுமையும் தீர்வுநெறி உடைமையும் போன்ற நற்பண்புகள் பெரும்பாலும் பாதுகாக்கப்படுகின்றன என்று மார்கஸ் கிராக்ட், ஃபிராங்க் வோல்டர் ஆகியோர் 1991இல் நிறுவினர். ஆனால் கணக்கீட்டுச் செலவு அவ்வாறு பாதுகாக்கப்படுவதில்லை. ஒரே ஒருவரின் அறிவைப் பேசும் எஸ்5 என்ற தருக்கத்தில் ஒரு கூற்று மெய்யாகக்கூடுமா என்ற சிக்கல், சிறிய எடுத்துக்காட்டு ஒன்றை ஊகித்துச் சரிபார்க்கும் அளவிலானது. இருவரின் அறிவைப் பேசத் தொடங்கியதும் அதன் கடினம் ஒரு படி ஏறிவிடுகிறது என்று ஹால்பெர்னும் மோசஸும் காட்டினர். அவனுக்குத் தெரியும் என்பது இவனுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும் என்று அடுக்கிக்கொண்டே போக முடிவதுதான் காரணம். விதிகள் ஒன்றையொன்று தொடாவிட்டாலும் கூற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன.

விதிகளையும் தொடவிட்டால் நிலைமை கடுமையாகிறது. கப்பேயும் ஷெஹ்ட்மனும் 1998இல் விரிவாக ஆராய்ந்த பெருக்கம் என்ற இணைப்பில், ஒரு தருக்கத்தின் உலகங்கள் கிடைமட்டத்திலும் மற்றதன் உலகங்கள் செங்குத்திலும் அடுக்கப்பட்டுக் கட்டங்கள் உருவாகின்றன; முதலில் வலப்புறம் நகர்ந்து பின் மேலே செல்வதும், மேலே சென்று பின் வலப்புறம் நகர்வதும் ஒரே கட்டத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். இந்தச் சிறு ஒழுங்கே கட்டங்களில் டூரிங் இயந்திரத்தின் ஓட்டத்தை எழுதிவிடப் போதுமான இடத்தைத் திறந்துவிடுகிறது. எளிமையானவை என்று பெயர்பெற்ற எஸ்5 தருக்கம் மூன்றைப் பெருக்கினால் தீர்வுநெறி மறைந்துபோகும் என்பது ரோஜர் மேடக்ஸ் 1980இல் தந்த முடிவிலிருந்து பெறப்படுவது. ஹால்பெர்னும் வார்டியும் அறிவையும் காலத்தையும் சேர்க்கும் 96 தருக்கங்களை ஒப்பிட்டு 1989இல் வெளியிட்ட ஆய்வு, இக்கட்டுரையாளர் தன் துறையில் மிக உயர்வாக மதிக்கும் நூற்பணிகளுள் ஒன்று. கடந்ததை ஒருவர் மறப்பதில்லை என்பது போன்ற இயல்பான நிபந்தனைகளைச் சேர்க்கச் சேர்க்கக் கணக்கீட்டின் கடினம் எப்படித் தாவிச் செல்கிறது என்பதை அது வரைபடம் போல் விரித்துக் காட்டியது. அந்த நிபந்தனை காலத்தை மட்டும் பேசுவதுமன்று, அறிவை மட்டும் பேசுவதுமன்று. இரண்டிற்கும் இடையே போடப்பட்ட பாலம் அது.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. அதில் ஒரு தருக்கம் இன்னொன்றை விழுங்கிவிடுகிறது. ஒரு கூற்று மெய் அல்லது அதன் மறுப்பு மெய் என்பதை மரபுத் தருக்கம் ஏற்கிறது. கட்டி எழுப்பிய சான்று கையில் இல்லாமல் எதையும் மெய் என்று ஏற்காத உள்ளுணர்வுத் தருக்கம் அதை ஏற்பதில்லை. இரண்டிலும் உள்ள ‘எனில்’ என்ற இணைப்பை வெவ்வேறு குறிகளால் எழுதி ஒரே அமைப்பில் சேர்க்க முயன்றவர்கள் வியப்பான முடிவை எதிர்கொண்டனர். முதற்கூற்றும், மரபு முறையில் ‘முதற்கூற்று எனில் இரண்டாம் கூற்று’ என்பதும் கிடைத்தால் இரண்டாம் கூற்று கிடைக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைப் பெற முடிந்தால் அதை ‘எனில்’ கொண்டு எழுதலாம் என்ற விதி உள்ளுணர்வுத் தருக்கத்திலும் இருப்பதால், மரபின் ‘எனில்’ உள்ள இடத்திலெல்லாம் உள்ளுணர்வின் ‘எனில்’ வந்துவிடுகிறது, மறுதிசையிலும் அவ்வாறே. இரு குறிகளும் ஒன்றாகி, உள்ளுணர்வுத் தருக்கம் தன் கண்டிப்பை இழந்து மரபுத் தருக்கமாகிவிடுகிறது. இது சரிவுச் சிக்கல் என்று அழைக்கப்பட்டது. ஃபரினியாஸ் டெல் செர்ரோவும் ஹெர்சிக்கும் மியூனிக் பயிலரங்கின் தொகுதியிலேயே ஒரு வழியைக் காட்டினர். ஒருமுறை மெய்யானது பின்னர் எப்போதும் மெய்யாகவே நீடிக்கும் என்ற பண்பு உள்ளுணர்வுக் கூற்றுகளுக்கு உண்டு, மரபின் ‘எனில்’ கொண்ட கூற்றுகளுக்கு அது இல்லாமல் போகலாம் என்பதால், அப்பண்பு உள்ள கூற்றுகளுக்கு மட்டும் குறிப்பிட்ட விதிகளை அனுமதிப்பது அவர்கள் வழி. ஒரு தருக்கத்தின் ஒவ்வொரு உலகத்தோடும் மற்றதன் மாதிரி ஒன்றை இணைத்துவைக்கும் ஃபைப்ரிங் முறையை டவ் கப்பே வகுக்க, லிஸ்பனில் செர்னடாஸும் குழுவினரும் பிரேசிலைச் சேர்ந்த கார்னியெல்லியோடு சேர்ந்து, சரிவைத் தடுக்கும் வடிவத்தை 2002இல் அளித்தனர். தருக்க விதியைப் பொதுவான வடிவில் எழுதிவைப்பது எத்தனை ஆபத்தானது என்பதை இந்த நிகழ்வு போல வேறெதுவும் உணர்த்தவில்லை: ‘எந்தக் கூற்றுக்கும்’ என்று ஓர் அமைப்பில் எழுதிய விதி, மொழி விரிந்தவுடன் எழுதியவர் கற்பனை செய்யாத கூற்றுகளின்மேலும் பாய்ந்துவிடுகிறது.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலின் முகம் மாறியது. ஆம், இல்லை என்ற மதிப்புகளை மட்டும் கொண்ட பெருங்கூற்றுகளைத் தீர்க்கும் கருவிகள், 2001இல் பிரின்ஸ்டனில் உருவான சாஃப் போன்றவற்றால், முன்பு எவரும் நினைக்காத வேகத்தைப் பெற்றன. அதன்பின் இணைப்பின் அமைப்பே மாற்றப்பட்டது: வாய்ப்புகளைப் பிரித்துத் தேடும் சுமையை அந்தக் கருவி ஏற்க, கோட்பாடுகள் அதன் ஊகங்களைச் சோதித்து மறுக்கும் நடுவர்களாயின. இக்கூட்டமைப்பைத் துறையினர் எஸ்எம்டி சால்வர் என்று அழைக்கின்றனர். 2003இல் பொதுவான உள்ளீட்டு மொழி ஒன்றை வகுக்கும் முயற்சியும், 2005இல் ஆண்டுப் போட்டியும் தொடங்கின. அதுவரை ஒவ்வொரு குழுவும் தன் கருவியின் வேகத்தைத் தான் தேர்ந்த எடுத்துக்காட்டுகளால் நிறுவிவந்த நிலை அத்துடன் முடிவுக்கு வந்தது. லியோனார்டோ டி மோராவும் நிகோலாய் பியோர்னரும் 2008இல் அறிமுகப்படுத்திய இசட்3 இன்னொரு பழக்கத்தையும் மாற்றியது. எந்தச் சமன்பாடு கட்டாயமாகப் பெறப்படுகிறது என்று தேடிக் களைக்காமல், எண்கணிதம் தற்போது கையில் வைத்திருக்கும் மாதிரியில் எந்தப் பெயர்கள் தற்செயலாக ஒரே மதிப்பில் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றைச் சமம் என ஊகித்து மறுபக்கம் கேட்பதும், மறுப்பு வந்தால் பின்வாங்குவதும் அவர்கள் கையாண்ட உத்தி. எல்லையில் பேசப்படும் செய்தி மாறவில்லை. அதைப் பேசத் தூண்டும் காரணம் மட்டும் மாறியது. அந்த மாற்றமே நடைமுறையில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கியது.

இன்று இக்கருவிகள் ஆய்வகங்களை விட்டு வெகுதூரம் வந்துவிட்டன. அமேசானின் மேகக் கணிமைப் பிரிவு நாளொன்றுக்கு நூறு கோடி கேள்விகளை எஸ்எம்டி சால்வர்களிடம் அனுப்புவதாக 2022இல் அறிவித்தது. எந்தத் தரவை எவர் அணுகலாம் என்ற அனுமதி விதிகள் அவற்றால் சோதிக்கப்படுகின்றன. இத்தனை பேர் சார்ந்திருக்கும் கருவி தவறான விடை தரக்கூடாது என்ற பொறுப்பு அதனால் பெருகியுள்ளது. தாறுமாறான உள்ளீடுகளைத் தாமே உருவாக்கிச் சால்வர்களைத் தாக்கும் சோதனை முறையைப் பிரம்மயரும் பீரேயும் 2009இல் புகுத்தியபோதும், சூரிக்கைச் சேர்ந்த குழு 2020இல் அதைப் புதிய வடிவில் தொடர்ந்தபோதும், முன்னணிக் கருவிகளிலேயே ஏராளமான பிழைகள் வெளிவந்தன. விடையோடு நிரூபணத்தையும் சேர்த்துக் கேட்பதும், அந்த நிரூபணத்தைச் சிறிய, எளிதில் நம்பத்தக்க வேறொரு நிரலால் சரிபார்ப்பதும் அதனால் வலுப்பெற்று வருகின்றன. அத்தகைய நிரூபணங்களைப் படிக்க நேர்ந்தவர்கள், கோட்பாடு ஒன்றின் பணி முடிந்து மற்றதன் பணி தொடங்கும் இடங்களை அவற்றில் வரிக்கு வரி காணலாம். நெல்சனும் ஒப்பனும் விவரித்த சமன்பாட்டுப் பரிமாற்றம் கண்முன்னே நிற்கிறது.

தற்போது தொழிலை மிகவும் வருத்தும் இணைப்பு எழுத்துத்தொடர்களுக்கும் எண்களுக்கும் இடையிலானது. இணையப் படிவத்தில் ஒருவர் தட்டச்சு செய்யும் உள்ளீடு தரவுத்தளக் கட்டளையாக மாறித் தீங்கு செய்யுமா என்று சோதிக்க, எழுத்துத்தொடர்களை ஒட்டுவதையும் அவற்றின் நீளத்தை ஒப்பிடுவதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. ஒட்டுதலை மட்டும் கொண்ட சமன்பாடுகளுக்குத் தீர்வுநெறி உண்டு என்று கெனடி மக்கானின் 1977இல் மிகக் கடினமான நிரூபணத்தால் காட்டினார். நீளங்களின் கூட்டலுக்கோ பிரெஸ்பர்கரின் நெறி காத்திருக்கிறது. இந்த இரண்டையும் நீளம் என்ற ஒரே ஒரு சார்பால் இணைத்தால் கிடைக்கும் கலவைக்குத் தீர்வுநெறி உண்டா, இல்லையா என்பது இன்றுவரை விடை காணப்படாத கேள்வி. இங்கே நீளம் என்பது இரு கோட்பாடுகளுக்கும் உரியதாகிவிடுவதால், சமக்குறி ஒன்றே பொது என்று தொடங்கும் எந்தத் தேற்றமும் உதவிக்கு வருவதில்லை. கருவி செய்வோர் தொடர்களின் நீளத்திற்கு வரம்பு கட்டி அதற்குள் தேடியும், நடைமுறை நிரல்களில் அதிகம் வரும் வடிவங்களைத் தனியே பிரித்து அவற்றுக்கு மட்டும் முழுமையான நெறி வகுத்தும், மற்ற கேள்விகளுக்கு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடையை வெளிப்படையாகத் தந்தும் வேலையை நடத்திவருகின்றனர். அந்த மூன்றாவது விடை எத்தனை முறை வருகிறது என்பதைக் கொண்டே இன்று ஓர் எழுத்துத்தொடர்ச் சால்வரின் தரம் துறைக்குள் மதிப்பிடப்படுகிறது.